கிம்ச்சிக் குழி நிஜம், தண்டனையைத்தான் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியத் தொடர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ வட கொரிய வாழ்க்கையை உள்ளபடியே காட்டிவிட்டதாகச் சொல்கிறது. அதன் முடிவுகூட நடக்கக்கூடியதுதான் என்றும் சொல்கிறது. முதலில் சொன்னது பாதி சரி. இரண்டாவதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2019 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை தென் கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 16 பகுதிகளாக வந்த தொடர் இது. பாராகிளைடரில் பறக்கும் சியோல் பணக்காரப் பெண் சூறாவளியில் சிக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறாள். வட கொரிய கேப்டன் ஒருவன் அவளைத் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறான். பிறகு காதல். பியாங்யாங்கில் திரைப்படம் படித்துவிட்டுத் தெற்கே தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தார். தப்பி வந்த வேறு பலரிடமும் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பு அடுப்படியிலும் சந்தையிலும் நன்றாகவே தெரிகிறது.

கேப்டன் வீட்டுக் கிம்ச்சிக் குழியையே எடுத்துக்கொள்வோம் (கிம்ச்சி என்பது முட்டைக்கோஸில் காரமிட்டுப் புளிக்க வைக்கும் ஊறுகாய்). மண்ணுக்குள் இறக்கிய நிலவறை, அதில் உப்புக்குள் புதைத்த இறைச்சி. மின்சாரத்தை நம்பிக் குளிர்பதனப் பெட்டி வைக்க முடியாத ஊரில் இதுதான் வழி. நவம்பரில் முட்டைக்கோஸ் வந்ததும் தெருவே கூடிக் கிம்ச்சி போடுவதும் நிஜம். வட கொரியாவில் கிம்ச்சியை ‘அரை ஆண்டு உணவு’ என்பார்கள். காய்கறி இல்லாத குளிர்காலம் முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

தொடரில் மட்டி சுட்டு, அதன் ஓட்டிலேயே சோஜு என்ற கொரியச் சாராயத்தை ஊற்றிக் குடிக்கிறார்கள். நாம்போ துறைமுகப் பக்கத்தில் இதைப் பெட்ரோல் ஊற்றியே சுடுவார்கள். மட்டிகளை நெருக்கமாக, திறக்கும் வாய் கீழேயும் கீல் மேலேயும் இருக்கும்படி அடுக்க வேண்டும். மேலே பெட்ரோல் தெளித்துக் கொளுத்தி, தீ தணியத் தணிய இன்னும் கொஞ்சம் பீய்ச்ச வேண்டும். சில நிமிடங்களில் வெந்துவிடும். வாய் மேலே இருந்தால், சூட்டில் ஓடு திறந்ததும் பெட்ரோல் உள்ளே இறங்கிச் சதையே நாறிப்போகும். எப்படி அடுக்கினாலும் வாடை கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதை அடக்கத்தான் சோஜு. (வீட்டில் யாரும் முயல வேண்டாம்!)

மின்சாரம் போய் ரயில் நடுக்காட்டில் மணிக்கணக்காக நிற்கும் காட்சியும் மிகையில்லை. அந்நாட்டு இருப்புப்பாதையில் முக்கால் பங்குக்கு மேல் மின்மயமானது, பெரும்பகுதி ஒற்றைத் தடம். ஒரு வண்டி மின்சாரமில்லாமல் நின்றால் பின்னால் வருவதும் எதிரே வருவதும் சேர்ந்தே நிற்கும். 1990-களின் பஞ்சத்தில் அரசுப் பங்கீடு நொறுங்கியபோது முளைத்த ‘ஜாங்மாதாங்’ சந்தைகளும் அப்படியே இருக்கின்றன: மேலே சீனச் சரக்கு, கேட்டால் மட்டும் அடியிலிருந்து வெளியே வரும் தென் கொரிய ஷாம்பு. தெற்கு என்று வாய்விட்டுச் சொல்லாமல் ‘கீழூர்ச் சரக்கு’ என்பது அங்கே வழக்கு.

பேச்சிலும் குறை சொல்ல முடியாது. வடக்கில் ‘இரொப்ஸோ’ என்றால் நம் ‘பரவாயில்லை’. அதே சொல் சியோல்காரர் காதில் ‘வேண்டாம், போ’ என்பதுபோல விழும். இந்த உரசல் ஆங்கில சப்டைட்டிலில் காணாமல் போய்விடுகிறது.

இனி சறுக்கிய இடங்கள். கேப்டன் கண்ணிவெடியை மிதித்துவிட்டுக் காலை எடுக்காமல் நிற்கும் காட்சி சினிமாவுக்கே உரிய கண்ணிவெடி. காலை எடுத்தால் வெடிக்கும் வகை என்பது பெரும்பாலும் திரையில்தான் உண்டு. எல்லையில் வடக்கு புதைத்திருப்பவற்றில் பேர்போனது மரப்பெட்டிக் கண்ணிவெடி. ஒரு சாண் நீள மரப்பெட்டி, உள்ளே 200 கிராம் அளவு டிஎன்டி வெடிமருந்து. மூடியில் சில கிலோ எடை பட்டாலே முள் விலகி அந்த நொடியே வெடிக்கும். நின்று வசனம் பேச நேரம் கிடைக்காது. மரம் என்பதால் உலோகம் தேடும் கருவியில் சரியாகச் சிக்காது. மழை வெள்ளத்தில் மிதந்து தெற்கே ஆற்றங்கரைகளில் ஒதுங்குவதும் உண்டு. 2015 ஆகஸ்டில் தென் கொரியச் சிப்பாய்கள் இருவர் கால் இழந்தது இந்த வகையால்தான்.

எல்லைப் படையினரின் உடம்பும் அப்படித்தான். தொடரில் எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். 2017 நவம்பர் 13-ல் எல்லைக் கிராமமான பான்முன்ஜம் வழியாக ஒரு வட கொரியச் சிப்பாய் குண்டு பாய்ந்த உடலோடு தெற்கே ஓடி வந்தார். அறுவை சிகிச்சையில் அவர் குடலிலிருந்து எடுத்த புழுக்களில் ஒன்று 27 செ.மீ. நீளம். மனிதக் கழிவை வயலுக்கு உரமாகப் போடும் நாட்டில் அது வியப்பில்லை. ஆனால் அந்த எல்லைக் காவலுக்குப் பொறுக்கியெடுத்த ஆட்களைத்தான் அனுப்புவார்கள் என்பதை நினைத்தால் மற்றப் படைகளின் நிலை புரியும்.

இவையெல்லாம் சில்லறைப் பிழைகள், காதல் தொடரில் பொறுத்துக்கொள்ளலாம். பொருள்களை இவ்வளவு சரியாகக் காட்டிய தொடர், அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டாமல் விட்டதுதான் என் குறை.

இரவுச் சோதனையைப் பாருங்கள். ஏறத்தாழ 20 முதல் 40 வீடுகளுக்கு ஓர் ‘இன்மின்பான்’, அதாவது அக்கம்பக்கத்தைக் கண்காணிக்கும் குழு, அதற்கு ஒரு தலைவி. வெளியூரிலிருந்து தம்பி வந்து ஓரிரவு தங்கினாலும் அவரிடம் சொல்லித் தங்கல் பதிவேட்டில் எழுத வேண்டும். பயண அனுமதிச் சீட்டையும் காட்ட வேண்டும். பியாங்யாங்குக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் போக அந்தச் சீட்டு மட்டும் போதாது, தனி ஒப்புதல் வேண்டும். பதிவு சரிதானா என்று பார்க்கக் காவலர் நள்ளிரவில் கதவு தட்டுவார். தொடரிலும் தட்டுகிறார்கள். நாயகியை, ரகசியப் பிரிவில் வேலை பார்க்கும் தன் வருங்கால மனைவி என்கிறான் கேப்டன். அதோடு நெருக்கடி தள்ளிப்போகிறது. ராணுவ எல்லைப் பகுதியில் சீட்டில்லாத ஒரு பெண் என்றால் நிஜத்தில் விவகாரம் அந்த வாசலோடு நிற்காது, அரசுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். அடையாளம் ஊர்ஜிதமாகும் வரை இருவரும் தனித்தனி அறையில்தான்.

தென் கொரியத் தொடர்ப் பைத்தியமான சிப்பாய் பாத்திரம் எல்லோருக்கும் பிடித்தது. அவன் சிரிப்புக்கு வருகிறான். அந்த ஊரில் தொடர் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். டிவிடி காலத்தில் சோதனைக்கு வருபவர்கள் முதலில் கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். தட்டு வெளியே வராது, உள்ளே இருப்பது சாட்சி. அதனால்தான் சீனாவிலிருந்து வந்த ‘நோடெல்’ என்ற கையடக்கக் கருவி பரவியது. பேட்டரியில் ஓடும், டிவிடி தட்டும் யுஎஸ்பி துளையும் உண்டு. தட்டில் உள்நாட்டு அரசுப் படம் ஒன்றைப் போட்டு வைத்துவிட்டு யுஎஸ்பியில் தொடர் பார்ப்பார்கள். கதவு தட்டினால் யுஎஸ்பியைப் பிடுங்கி ஒளித்தால் போதும். சோதனைக்காரர்களும் சும்மா இல்லை. கருவியைத் தொட்டுப் பார்ப்பார்கள், சூடு இருந்தால் விசாரணை. கைபேசி இன்னும் மோசம். அரசு முத்திரை இல்லாத கோப்பு அதில் திறக்காது. சில கருவிகள் தாமாகவே திரையைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கும், வைத்திருப்பவரால் அழிக்க முடியாது.

2020 டிசம்பரில், இந்தத் தொடர் முடிந்த அதே ஆண்டில், வட கொரியா ‘பிற்போக்குச் சிந்தனை, பண்பாட்டு எதிர்ப்புச் சட்டம்’ கொண்டுவந்தது. தென் கொரியப் படைப்பைப் பார்த்தால் 15 ஆண்டு வரை கடும் உழைப்புத் தண்டனை, கடத்தி வந்து பரப்பினால் மரண தண்டனை வரை போகும். 2023 ஜனவரியில் பேச்சுக்கே ஒரு சட்டம். கூடப்பிறக்காதவனை ‘ஓப்பா’ (அண்ணா) என்று அழைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசு அமைப்பான சிறுவர் சங்கத்தின் வயதோடு முடிந்துவிட வேண்டும், பிறகு ‘தோழர்’தான். இங்கே நம் கல்லூரிப் பெண்கள் விளையாட்டாக வாயில் போட்டுக்கொள்ளும் அதே ‘ஓப்பா’.

தொடரை எடுத்தவர்களுக்கும் கை கட்டு இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வடக்கைப் புகழ்வது தென் கொரியத் தேசியப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2020 ஜனவரியில் ஒரு சிறு கட்சி இந்தத் தொடர்மீதே காவல்துறையில் புகார் கொடுத்தது. ஆகவே அரசியலைத் தொடாமல் கிம்ச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். புரிகிறது. ஆனால் தொட்டிருக்க வேண்டிய ஒன்று உண்டு: குற்றம் குடும்பத்தையே சுற்றும் முறை. நாயகனின் அப்பா ராணுவத்தின் பொது அரசியல் துறைத் தலைவர், நாட்டின் மிகப் பெரிய பதவிகளில் ஒன்று. அவர் தலையிட்டு மகனைக் காப்பாற்றுகிறார். அத்தனை உயரத்திலிருந்து விழுபவர் தனியாக விழுவதில்லை. மனைவி, மக்கள், உடன்பிறந்தார் எல்லோருடைய ‘சொங்புன்’ எனும் குலக்கணக்கும் கறைபடும். 2014-ல் ஐ.நா. விசாரணை ஆணையம் அரசியல் கைதி முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பதாகக் கணித்தது. அவர்களில் பலர் செய்த ஒரே பிழை யாரோ ஒருவருக்கு உறவாகப் பிறந்தது.

இனி அந்த முடிவு. காதலர்கள் ஆண்டுதோறும் சுவிட்சர்லாந்தில் இரண்டு வாரம் சேர்ந்திருக்கிறார்கள். நிஜத்தில் பிரிந்தவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். 1950-53 போரில் பிரிந்துபோன குடும்பங்களில், உறவினரைப் பார்க்க வேண்டும் என்று தெற்கில் பெயர் கொடுத்தவர்கள் 1,30,000-க்கும் மேல். 2000-க்குப் பிறகு நேருக்கு நேர் சந்திப்புகள் 21 சுற்று நடந்தன. கடைசிச் சுற்று 2018 ஆகஸ்டில், வட கொரியாவின் கும்காங் மலையில். 3 நாளில் மொத்தம் 12 மணி நேரம். அதிலும் பாதி நேரத்துக்கு மேல் பெரிய கூடத்தில், அதிகாரிகள் கண்முன்னே. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வாய்ப்பு வருமுன்பே இறந்துபோனார்கள். அந்தச் சந்திப்பு மண்டபத்தை வடக்கு இடித்துக்கொண்டிருப்பதாக 2025 பிப்ரவரியில் தென் கொரிய அரசு அறிவித்தது.

இப்படிக்கு,
கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
சென்னை