டீ போட்ட கதை

டேய் செல்வம்,

வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பாப்பா காதுகுத்துக்கு வரலைன்னு நீ இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்கியாம், மணி சொன்னான். முறைச்சுக்கோ, நியாயம்தான். நான் மன்னிப்புக் கேக்க எழுதலை. பத்து நாளா தூக்கம் இல்லடா.

ஓஎம்ஆர்ல பதினோரு மாடி ஆபீஸ் ஒண்ணு, பிளம்பிங் டிசைன் என்னோடதுன்னு பீத்திக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா? 2019ல ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி வந்ததைப் பாத்து மிரண்டு போய், ஓனரே ஃப்ளஷ்ஷுக்குத் தனி லைன் கேட்டார். கணக்கு உனக்குத் தெரிஞ்சதுதான். ஆபீஸ்ல ஆளுக்கு 45 லிட்டர், அதுல 20 ஃப்ளஷ்ஷுக்கே போயிடும். 3,000 பேர். எஸ்டிபில, அதான் கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ற பிளாண்ட்ல, வர்ற தண்ணியை ஃப்ளஷ்ஷுக்கே திருப்பி விட்டா தினம் 60,000 லிட்டர் மிச்சம், அஞ்சு லாரி! அந்த அஞ்சு லாரியைச் சொல்லியே ரெண்டு வருஷம் காலரைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்.

போன மாசம் ஏழாவது மாடியிலருந்து போன். பேன்ட்ரி ஆர்ஓ மிஷினுக்கு ரெண்டு மாசத்துல மூணு தடவை ஃபில்டர் மாத்தியாச்சாம். சர்வீஸ் பையன், மீசை கூட சரியா முளைக்கலை, சட்டைப் பையிலருந்து தண்ணில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் பேனாவை எடுத்து டம்ளர்ல முக்கினான். 870. ஆறாவது மாடித் தண்ணி 480. ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கு, வாடையும் இல்ல. "எங்க வீட்ல கூட இவ்ளோ தெளிவா வராது சார்"னு டீ போடுற அக்கா சொல்லுது. ஃப்ளஷ் தண்ணி கலந்திருக்குமோன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி நல்ல தண்ணி பம்பை நிறுத்தி, லைனைக் காலி பண்ணிட்டு, ஃப்ளஷ் லைனை மட்டும் ஓடவிட்டு மாடி மாடியா குழாயைத் திறந்தேன். எல்லாம் புஸ்ஸுன்னு காத்து விட்டு அடங்கிடுச்சு. ஏழாவது மாடி பேன்ட்ரி குழாய் மட்டும் நிக்காம கொட்டுது.

வாடகைக்கு வந்தவங்களோட இன்டீரியர் ஆள், குழாயெல்லாம் மேல ஏறுற ஷாஃப்ட்ல கைக்கு எட்டின ஃப்ளஷ் குழாயில ஒரு டீ, அதான் 'T' மாதிரி இருக்கிற ஜாயின்ட், போட்டு லைன் எடுத்திருக்கான். அவனை என்ன சொல்ல? மாடி மாடியா மேல ஏறுற ரெண்டு ரைசர் குழாயும் ஒரே சைஸ், ஒரே சிபிவிசி பிளாஸ்டிக். ஃப்ளஷ் லைனுக்கு ஊதாப் பட்டைன்னு டிராயிங்ல எழுதினது நான். ஒப்படைக்கிறப்ப ரெண்டுக்கும் ஒரே சாம்பல் பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க. பாத்தேன்டா. ஷாஃப்டுக்குள்ள யார் பாக்கப் போறான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

குடிச்சது ஆர்ஓ தண்ணி, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா கப்பு கழுவினது, பழம் கழுவினது எல்லாம் அந்தக் குழாய்லதான். மறுநாளே எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன், என் கையெழுத்து உட்பட. அந்தக் கிளையை வெட்டி, நல்ல தண்ணி லைன் முழுக்க குளோரின் போட்டு அலசியாச்சு. அந்த அக்கா முகத்தைத்தான் இன்னும் பாக்க முடியலை.

இனிமே ஃப்ளஷ் ரைசருக்கு சைஸும் வேற, பைப்பும் வேற. சிபிவிசி டீ அதுல உக்காரவே கூடாது. உங்க திருப்பூர் பிளாண்ட்ல எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் தானே? அதுல ஜாயின்ட் சூடு வெச்சு ஒட்டணும், போற வர்றவன்லாம் வெட்டி எடுக்க முடியாது. ஆனா செங்குத்தா பதினோரு மாடி ஏத்தினா கிளாம்ப் எத்தனை அடிக்கு ஒண்ணு போடணும், வெயில்ல எவ்ளோ நீளும்? உன் ஃபிட்டர்கிட்ட கேட்டு எழுது.

மணிகிட்ட மூச்சு விடாதே. அப்புறம் அவன் வீட்ல எனக்குக் காபிதான்.

உன்,
ரவி