வாசகசாலை ஆண்டறிக்கை 2023–24: பட்டியலில் பெயர் வரும் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாளிதழ்களும் வார இதழ்களும் தடையில்லாமல் வந்தன. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஓடு ஒழுகி, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டதில் பெரும்பாலானவை தப்பின. ஓடும் மாற்றியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் ஒன்றுகூடல், பொங்கல் விளையாட்டு விழா இரண்டும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் ஆட்களையும் நேரத்தையும் அதிகம் கேட்டது, மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடந்த ஆண்டு இதே இடத்தில் நின்று, இத்தனை பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்து கொடுத்தோம் என்று ஓர் எண்ணை வாசித்தேன். நீங்களும் கைதட்டினீர்கள். பிறகு பட்டியலைப் பார்த்தால் அதில் பலரின் பெயர் இல்லை. தவறு நம்முடையதுதான். சீக்கிரம் முடியட்டும் என்று நம் தன்னார்வலர்களே தட்டச்சு செய்தார்கள். கைபேசி எண் கேட்ட கட்டத்தில் தங்கள் எண்ணையே போட்டார்கள். விண்ணப்பம் என்ன ஆனது என்று வந்த குறுஞ்செய்திகள் அவர்கள் போனிலேயே கிடந்தன. பிள்ளைக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. ஆகவே இந்த ஆண்டு முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம்: அனுப்பிய விண்ணப்பத்தை எண்ண வேண்டாம், பட்டியலில் வந்த பெயரை மட்டும் எண்ணுவோம். அப்புறம், விண்ணப்பத்தை அந்தப் பிள்ளைதான் தன் கையால் நிரப்ப வேண்டும். நம் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம், போனைத் தொடக்கூடாது.

வயது பற்றி இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. முன்பெல்லாம் 18 நிறைந்திருக்க வேண்டிய தகுதி நாள் ஜனவரி 1 ஒன்றுதான். ஜனவரி 2-ல் பிறந்த பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் வந்துவிட்டன. 17 வயது நிறைந்ததுமே, புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6-ஐ முன்கூட்டியே அனுப்பி வைக்கலாம். 18 நிறைந்த பிறகு வருகிற தகுதி நாளையொட்டி அது பரிசீலிக்கப்படும். அதாவது பிளஸ் டூ வகுப்பில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம். இது பெரிய விஷயம். ரிசல்ட் வந்துவிட்டால் ஒரு பிள்ளை நர்சிங் படிக்க பெங்களூருக்குப் போகும், ஒன்று திருவனந்தபுரத்துக்குப் போகும், ஒன்று சென்னைக்கு. அதன் பிறகு அவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க யாராலும் முடியாது. நம் மூத்த உறுப்பினர்கள் சிலர் முதல் ஓட்டுக்கு 21 வயது வரை காத்திருந்தவர்கள். 1989-ல்தான் அது 18 ஆனது. அவர்கள்தான் இந்த வேலையில் எங்களை அதிகம் விரட்டினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரைவுப் பட்டியல் 2023 அக்டோபர் 27 அன்று வந்தது. அதற்குப் பிறகு பக்கத்திலுள்ள இரண்டு மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியர்களின் அனுமதியோடு நான்கு அமர்வுகள் நடத்தினோம். மொத்தம் 63 பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளம், வோட்டர் ஹெல்ப்லைன் செயலி இரண்டையும் காட்டினோம். படம் எடுக்க வகுப்பறைச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை ஆணியில் மாட்டி, ஒவ்வொருவராக அதன் முன் நிற்கவைத்தோம். வயதுச் சான்றுக்கு எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் போதும். ஆனால் மார்க் ஷீட்டில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஒரு பிறந்த தேதி என்று வந்த பிள்ளைகளும் உண்டு. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வா மக்களே என்று அனுப்பினோம்.

மிகவும் மெனக்கெட வைத்தது முகவரிதான். ஆங்கிலத்தில் தட்டினால் தளம் தானாகவே தமிழில் எழுதிக்கொள்கிறது. நம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பாதி 'விளை'யில் முடிபவை. திரையில் எல்லாம் 'விலை' என்று வந்தது. குழித்துறை 'குலித்துறை' ஆனது. தந்தை பெயரில் ழகரம் இருந்தவர்களுக்கும் இதே கதி. அவசரத்தில் அப்படியே அனுப்பினால் அட்டையிலும் அப்படியே அச்சாகும். பிறகு படிவம் 8 போட்டுத் திருத்தவேண்டும். அதனால் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன், பக்கத்துப் பிள்ளை ஒரு தடவை வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தோம். இரண்டாவது அமர்வில் ஒரு மாணவி தன் தோழியின் தாத்தா பெயர்வரை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தமிழாசிரியை அதைப் பார்த்துவிட்டு, அடுத்த அமர்வு முழுவதும் எங்களோடேயே இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலுள்ள நல்ல போன் அப்பாவிடம் இருக்கும். அப்பா தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருப்பார். போட் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரை அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. யாருக்கும் பயன்படாது. ஒரு பிள்ளை இரண்டு அமர்வுக்கு வந்தும் இந்தக் காரணத்தால் சும்மா திரும்பியது. உறவினர் எண்ணையும் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் மூன்றாவது அமர்வுக்கு அம்மாவையே கூட்டி வந்தது. அவர் மீன் விற்றுவிட்டு நேராகச் சந்தையிலிருந்து வந்தார். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த பட்டன் போனை எடுத்து, வகுப்பறை வாசற்படியில் நின்றுகொண்டே, திரையைக் கண்ணருகே பிடித்து ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான்காவது இலக்கத்தைச் சொல்லிவிட்டு, "எழுதிட்டியா?" என்று கேட்டுக்கொண்டார். விண்ணப்ப எண் வந்ததும் அதையும் தன் போனில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கைபேசி எண் வீட்டாருடையதாகவே இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தது சரிதான் என்று அன்றைக்குத் தெளிவானது.

நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். முகாம் நாளில் யாரும் கரை வேட்டி கட்டி வரக்கூடாது, கட்சிப் பேச்சு எடுக்கக்கூடாது என்ற தீர்மானத்தை ஒருவர்கூட மீறவில்லை. பெற்றோர் நம்பி அனுப்பியதற்கு அது முக்கியமான காரணம். ஆவண நகல் எதையும் நாம் வாங்கி வைக்கவில்லை. நம்மிடம் இருப்பது ஒரு நோட்டு மட்டும். அதில் பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், வீட்டுத் தொலைபேசி எண் ஆகிய நான்கு மட்டும்தான்.

63 பேரில் 14 பேருக்கு 18 நிறைவது 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு. அவர்கள் முறையைக் கற்றுக்கொண்டார்கள், விண்ணப்பம் அடுத்த சுற்றில். மீதி 49 பேர் அனுப்பினார்கள். ஒவ்வொரு மாதமும் நோட்டை வைத்துக்கொண்டு நிலையைப் பார்த்தோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வரும்போது வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். நம் பகுதியில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வீட்டுப்பெயர் மட்டும் உள்ள, கதவு எண் இல்லாத வீடுகளை அவர் கண்டுபிடிக்க நம் பிள்ளைகள் கூடப் போனார்கள்.

2024 ஜனவரி 22-ல் இறுதிப் பட்டியல் வந்தது. தேசிய வாக்காளர் நாளான 25-ம் தேதி தைப்பூச விடுமுறை என்பதால் அதையொட்டி இன்னொரு நாளில் வாசகசாலையிலேயே பட்டியலை விரித்து வைத்துப் பார்த்தோம். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் அன்று இரவே எனக்குப் பல அழைப்புகள்: "அண்ணே, இப்ப சேரலாமா?" வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. அதற்குப் பத்து நாள் முன்பு வரை, அதாவது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வரை வருகிற விண்ணப்பம்தான் இந்தத் தேர்தலுக்கு எடுபடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளில் ஓடியவர்களும் உண்டு. நவம்பரில் கூப்பிட்டபோது வந்திருந்தால் இந்த ஓட்டம் வேண்டியிருந்திருக்காது. பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நோட்டிலுள்ளவர்களில், ஏப்ரல் 1-க்குள் 18 நிறைந்த 8 பேரின் பெயரும் பட்டியலில் வந்தது. 8 பேரும் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தார்கள். இதில் 2 பேருக்கு வீடு தொகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், விளவங்கோடு தொகுதிக்குள். அங்கே அன்றைக்கே சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்ததால் முதல் நாளிலேயே இரண்டு இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினார்கள். கடந்த ஆண்டு வாசித்த எண்ணோடு பார்த்தால் 8 சின்ன எண்தான். ஆனால் இந்த எட்டையும் நான் பட்டியலில் பாக எண், வரிசை எண்ணோடு பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டு நம் வாசகசாலை செய்த நல்ல காரியம் இதுதான்.

மீதி 41 பேரின் பெயர் ஜூலை 1, அக்டோபர் 1 தகுதி நாட்களையொட்டி வரவேண்டும். அதற்குள் பலர் விடுதிக்குப் போயிருப்பார்கள். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் பெற்றோர் வீட்டிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாம். கல்லூரியின் சான்றிதழ் வாங்கி விடுதி முகவரியிலும் பதியலாம். இரண்டு இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். முகவரி மாறினால் படிவம் 8. சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அனுமதி தந்த தலைமையாசிரியர்களுக்கும், வகுப்பு நேரத்தை விட்டுக்கொடுத்த ஆசிரியர்களுக்கும், அலுவலருக்கும், சனிக்கிழமைகளில் ரப்பர் பால்வெட்டு முடிந்த கையோடு பள்ளிக்கு வந்து உட்கார்ந்த நம் தன்னார்வலர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள். முகாமை ஆகஸ்டிலேயே தொடங்க செயற்குழு விரும்புகிறது, ஒப்புதல் தாருங்கள். நோட்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவை. மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் போதும். முதல் வேலை ஜூலையில்: 41 பெயர்களையும் வரிசையாகத் தேடிப் பார்த்து, வராத பெயர் இருந்தால் அந்த வீட்டுக்குப் போன் போட வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்