அவள் கேட்ட குரூப்பைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நேரில் கேட்டும் பதில் வராததால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் என் மகள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் படிவத்தை நிரப்பினாள். விரும்பும் பாடப்பிரிவு என்ற இடத்தில் வணிகவியல் என்று எழுதினாள். சேர்க்கை அறையில் இருந்தவர் மதிப்பெண்ணைப் பார்த்தார். 500-க்கு 478. சிவப்பு மையால் வணிகவியலை அடித்து, மேலே ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். பக்கத்திலேயே நின்ற அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும், "அப்படின்னா டி.சி. வாங்கிக்குங்க" என்றார்.

வணிகவியல் அவளுக்குத் திடீரென்று வந்த ஆசை இல்லை. லீவு நாட்களில் என் அண்ணனின் மளிகைக் கடையில் உட்கார்ந்து, கடன் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, கணக்கு எங்கே உதைக்கிறது என்று ராத்திரி வரை தேடுகிற பெண் அவள். இன்றைக்கு அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்குப் பிடிக்காமலும் போகலாம். அதற்கான உரிமையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் பின்னால் எதற்கும் போகலாம், பி.காம். கூடப் படிக்கலாம் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று போகப்போகிற அந்த இரண்டு வருஷமும் அவள் வாழ்க்கைதானே? பிடிக்காததைச் சகித்துக்கொள்ள இப்போதே பழகிவிட்டால், உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று பிறகு யார் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சரி, தப்பாகவே தேர்ந்தெடுத்துவிட்டால்? எடுக்கட்டும். வருத்தப்படுவாள், யோசிப்பாள், மாற்றிக்கொள்வாள். தடுமாறி அவளே கண்டுபிடிக்கிற வழிதான் அவளுக்குச் சொந்தமானதாக இருக்கும். பிழையே வராதபடி பெரியவர்கள் நாம் எழுதிக்கொடுத்த வாழ்க்கையில் அவள் 600-க்கு 600 எடுத்தாலும், அதில் அவளுடையது என்று என்ன இருக்கிறது?

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். என் மகளின் தோழி உயிரியல் கேட்டாள். ரிசல்ட் அடிவாங்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதிக மார்க் எடுத்தவளுக்கும் விருப்பம் இருக்கக் கூடாது, குறைவாக எடுத்தவளுக்கும் இருக்கக் கூடாது என்றால், பள்ளிக்கூடம் யாருக்காக நடக்கிறது? மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பது மட்டும் நிற்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை நடத்திய பள்ளிகள் இருந்ததால்தான், 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கேயும் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது. ஒரு பாடத்தில் தோற்று, அதை நின்று நிதானமாகப் புரிந்துகொள்ள எந்தப் பிள்ளைக்கும் நீங்கள் நேரம் தருவதில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் நிறையப் பேசிவிட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். என் மகளுக்கு அவள் கேட்ட குரூப்பைக் கொடுங்கள். அவள் தோழியையும் கூப்பிட்டு ஒருமுறை பேசுங்கள். இனி சேர்க்கைக்கு வருகிற பிள்ளைகளிடம், பெற்றோரைக் கேட்பதற்கு முன்னால், உனக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லி மட்டும் இன்னொரு முறை அனுப்பாதீர்கள், ஐயா. எல்.கே.ஜி.யிலிருந்து உங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். உங்கள் வணிகவியல் ஆசிரியரிடம் படிக்க வேண்டும் என்றுதான் அவள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா