கம்ப்ரசருக்கு ஜோர்டான் என்று பெயர்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பையன் ஈப்போவில் பரீட்சைக்குப் போயிருந்ததால் பட்டறையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி பழையபடிதான். நீ அனுப்பிய தைலத்தைப் பூசிக்கொண்டு, அது ஒன்றும் செய்யவில்லை என்று தினமும் சொல்கிறாள். பூசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஊர்ச் செய்தி ஒன்றுதான். நம் பழைய தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, போன மாதம் இடித்துவிட்டார்கள். கடைசி நாலு வீடும் போய், இப்போது லிந்தாங் சாலையிலிருந்து பார்த்தால் செம்பனை மட்டும்தான் தெரிகிறது. பிரட்டுக்கு, விடியலில் ஆள் கணக்கு எடுக்க, மணி அடிப்பார்களே, அந்தத் தண்டவாளத் துண்டை யாரோ புண்ணியவான் தூக்கிவந்து கோயிலில் தொங்கவிட்டிருக்கிறான். நான் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். விடியற்காலை நாலரை மணி மாதிரியே வயிற்றைப் பிசைந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கோலாலம்பூர் ஆள் ஒருவன் உன் மைக்கேல் ஜோர்டான் கார்டை, அந்தக் கூடைப்பந்து வீரர் படம் போட்ட அட்டையை, கேட்கிறான், புது மோட்டார் சைக்கிள் வாங்குகிற அளவுக்குப் பணம் தருகிறேன் என்கிறான், உனக்கோ வீட்டுக் கூரை மாற்ற வேண்டும். ‘உயிரா வெச்சிருக்கிற கார்டை யாராவது விப்பாங்களாடா?’ என்று கேட்டிருக்கிறாய்.

விற்பார்கள். ‘செத்தாலும் தரமாட்டேன்’ என்று யாரோ ஒருவர் நெஞ்சைத் தட்டிச் சொன்ன கார்டுதானே இன்றைக்குப் பெரிய விலைக்கு ஏலம் போகிறது. 1952-ல் டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேண்டில் பேஸ்பால் கார்டு ஒன்றை, குப்பை அள்ளும் தொழில் செய்த அமெரிக்கர் ஒருவர் 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் அது கிறுக்குத்தனமான விலை. 31 வருஷம் வைத்திருந்துவிட்டு 2022 ஆகஸ்டில் விற்றார். போன விலை 12.6 மில்லியன் டாலர். இதில் எனக்குப் பிடித்தது வேறு கதை. அதே வருஷத்துக் கார்டு விற்காமல் கிடங்கில் தேங்கிப்போய், 1960-ல் அந்தக் கம்பெனியே பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கடலில் கொட்டியது. குப்பையாய்க் கடலுக்குப் போனதன் கூடப்பிறந்ததைக் குப்பைக்காரர் ஒருவர் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்!

பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னர் கார்டைப் பற்றி நாம் சிங்கப்பூரில் இருந்தபோதே பேசியிருக்கிறோம். 1909-லிருந்து 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. சிகரெட்டோடு தன் படம் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், காசு கொடுக்காத கோபம் என்றும் சொல்வார்கள். எப்படியோ, அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் சுமார் 60 இருந்தால் அதிகம். அதில் ஆக நல்லது என்று பெயர் வாங்கிய ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து 1991-ல் 4,51,000 டாலருக்கு எடுத்தார். நாலைந்து வருஷம்தான், கை மாறிவிட்டது. அப்புறம் அது வால்மார்ட் கடைகளில் ஒரு போட்டிக்குப் பரிசாக வந்து, தபால் இலாகாவில் வேலை செய்த ஒரு அம்மாவுக்கு விழுந்தது. பரிசுக்கு வரி கட்ட வேண்டுமாம். அத்தனை பணத்துக்கு அவர் எங்கே போவார்? அந்த வருஷமே, 1996-ல், ஏலத்துக்கு விட்டுவிட்டார். 6,41,500 டாலருக்குப் போனது. அவரைக் கேட்டிருந்தால் வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அப்பாமார் தீபாவளிக்கு எடுத்த நகையைப் பொங்கலுக்குள் அடகுக்கடையில் வைத்தது மாதிரிதான்.

இன்னொரு கூத்து. அந்தக் கார்டின் ஓரத்தைச் சீவி நேராக்கியது நான்தான் என்று, முன்பு அதை விற்ற வியாபாரி 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அதன் விலை 2.8 மில்லியனைத் தொட்டிருந்தது. சீவினது தெரிந்தும் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 1988-ல் அந்தக் கப்பல்காரனிடம் நாம் ஆளுக்கொன்று வாங்கினோமே, 1986-ல் ஃப்ளீர் கம்பெனி போட்ட ஜோர்டான், ஒரு வார ஓவர்டைம் காசு. என்னுடையதை 1998-ல் விற்றேன் என்று சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொன்னதில்லை. நம் வெள்ளியின், அதாவது ரிங்கிட்டின், மதிப்பு விழுந்து, டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டிப்போட்ட நேரம். நான் வேலை பார்த்த பட்டறையில் ஆள் குறைத்தார்கள். சொந்தமாகப் பங்சர் ஒட்டலாம் என்றால் காற்றடிக்கக் கம்ப்ரசர் வேண்டும். பழசு ஒன்று விலைக்கு வந்தது. கையில் இருந்தது ஜோர்டான்தான்.

வாங்க வந்தவன் கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளும்போது என் கண்முன்னாலேயே வலது மேல் மூலையை மடக்கிவிட்டான். மடக்கினது அவனுக்குத் தெரியவே இல்லை. பத்து வருஷம் மில்க்மெய்ட் டின்னில் அரிசி போட்டு, ஈரம் படாமல் நான் காத்த மூலை அது. கையிலிருந்த 1,800 வெள்ளியைத் திருப்பி வீசிவிட்டுப் பிடுங்கலாமா என்று வந்தது. எண்ணிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தக் கம்ப்ரசர் இன்னும் ஓடுகிறது. பையன் அதை ‘ஜோர்டான்’ என்றுதான் சொல்வான். ‘அப்பா, ஜோர்டானுக்கு ஆயில் ஊத்தணும்.’

விற்ற பிறகு பத்துப் பதினைந்து நாள் பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி கை அந்த டின்னைத் தேடியது. அப்புறம் ஒருநாள் டின்னைத் துடைக்கலாம் என்று திறந்தால், அடியில் நம் மலேசியக் கால்பந்து கோல்கீப்பர் ஆறுமுகம் கார்டு. நினைவிருக்கிறதா? 1980-ல் தமிழ் நேசன் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, சீனக்கடையில் பொறுக்கிய சிகரெட் பெட்டி அட்டையில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியது. மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நேரம். அப்புறம் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த விவகாரத்தில் மலேசியா போகாமலே இருந்துவிட்டது வேறு விஷயம். பசை போட்ட இடத்தில் பூச்சி அரித்து, அவருடைய இடது கையுறையைக் காணோம். பின்பக்கம் உன் கையெழுத்து: ‘ஆறுமுகம், ஸ்பைடர்மேன், 10/10.’ மற்ற எல்லாருக்கும் எட்டு, ஏழு என்று கஞ்சத்தனமாகப் போட்டவன் நீ. அவருக்கு மட்டும் பத்து. நாம் கப்பல்காரனிடம் கார்டு வாங்கிய அதே 1988 டிசம்பரில்தான் அவர் கார் விபத்தில் போனார். அன்றைக்கு நீ ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடுதியிலேயே படுத்துக் கிடந்தாய்.

எனக்குப் புரிந்த அளவில், சேகர், உயிர்க்கார்டு என்று ஒன்று நிலையாக இருப்பதில்லை. அது ஒரு நாற்காலி மாதிரி. ஜோர்டான் எழுந்து போனார், ஆறுமுகம் வந்து உட்கார்ந்துவிட்டார். ஜோர்டான் இருந்தவரைக்கும் அந்த ஒட்டுக் கார்டை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ‘இதை மட்டும் விற்கமாட்டேன்’ என்று இப்போது சொல்கிறேன் என்றால், அதற்கு விலை சொல்ல ஒருத்தனும் வரமாட்டான் என்ற தைரியமும் அதில் பாதி இருக்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே கூரைக்கு என்றால் விற்றுவிடு. அக்டோபர் மழை வந்தால் ஜோர்டான் வந்து ஓட்டையை அடைக்கமாட்டார். அந்தப் பணத்தில் இன்னொரு கார்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் விற்காதே, அது சூதாட்டம். பத்துக்குப் பத்துத் தரம் வாங்கிய இதே ஜோர்டான் 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது, அந்த வருஷம் முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது.

அப்புறம், அவசரப்பட்டு யாருக்கும் தபாலில் அனுப்பிவிடாதே. இந்தக் கார்டில் போலி ஏராளம். வாங்குகிறவனும் அதைச் சொல்லித்தான் விலையை அடிப்பான். முதலில் பூதக்கண்ணாடியில் நீயே பார். படத்தில் வண்ணப் புள்ளிகள் தெரிவது சரி. ஆனால் கறுப்பு எழுத்துகள் திட்டமாக, ஒரே மையாக இருக்க வேண்டும். எழுத்திலும் புள்ளி தெரிந்தால் அது எதையோ பார்த்து நகல் எடுத்தது. கப்பல்காரன் நம்மை ஏமாற்றியிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடு. பிஎஸ்ஏ மாதிரி ஒரு தரக் கம்பெனிக்கு அனுப்பி, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் எண்ணோடு வாங்கிக்கொண்டால் பேரம் பேச வசதி. கட்டணமும் காத்திருப்பும் உண்டு. அதுவரை குளிர்சாதன அறையையும் வெளியையும் மாற்றி மாற்றிக் காட்டாதே, கார்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் ரயிலேறி இங்கே வா. அதன் மூலைகளை நான் பார்க்க வேண்டும். என்னுடையது போனபோது சரியாகப் பார்க்காமல் விட்டேன்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பில் மூன்று கோலிக்குண்டைக் கொடுத்து என்னிடம் கால்பந்து வீரர் சோ சின் ஆன் கார்டு ஒன்றை அடித்துப் போனாய். பின்பக்கம் என் கையெழுத்து இருக்கும், 9/10 போட்டிருப்பேன். அது உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணியிடம் கேட்டாவது தேடி எடு. என்ன விலை என்று எழுது.

உன்,
கணேசன்