கன்னடியன் கால்வாய்க்கரைச் சிவன் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற ஊர்ப் பங்கு) செலுத்திய ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பணி முடிந்து குடமுழுக்கும் நல்லபடியாக நடந்தேறியது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுக் கோப்பை அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். என்ன வேலை, எதனால், எந்த முறையில் நடந்தது, இனிமேல் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லவே இந்த அறிக்கை. "பெயிண்ட் அடித்து, மேலே சிமென்ட் பூசி, தரைக்கு வழுவழுப்பான கிரானைட் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே" என்று உறுப்பினர்களில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதில் நம் ஊர் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது.

நம்முடையது பொதிகை மலை அடிவாரம். ஆனி பிறந்தால் மலையைத் தாண்டி வரும் காற்றில் ஆவணி வரை சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மழை மலையில் மோதிக் கொட்டும். சித்திரையில் பகலெல்லாம் கல் சுடும், மாலையில் இடியோடு மழை வரும். ஒரு கற்சுவர் உள்ளே வரை காய்வதற்கு மாசியும் பங்குனியும்தான் மிஞ்சுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அந்த மழையில் நம் கோயில் மகாமண்டபத்தில் கூரைக் கற்களின் இணைப்புகள் எல்லாவற்றிலும் தண்ணீர் இறங்கியது. கருங்கல் ஒழுகாது, கல்லும் கல்லும் சேரும் இடம்தான் ஒழுகும். அந்த இணைப்புகளை மூடிக் காப்பது மேலே இருக்கும் சுண்ணாம்புத் தளம். அந்தத் தளம்தான் வீணாகிப் போயிருந்தது.

தளத்தைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தின் மேல், ஒழுகியபோதெல்லாம் ஒரு சிமென்ட் அடுக்கு ஏற்றப்பட்டிருந்தது. சிமென்ட் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மயிரிழை போல வெடிக்கும். வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீரை அதே சிமென்ட் மேலே ஆவியாக விடாது. தண்ணீருக்குக் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. இறங்கும்போது பழைய சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வரும். மண்டப விதானத்தில், அதாவது கூரையின் உட்புறத்தில், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது அப்படி வந்த சுண்ணாம்புதான். இன்னொன்று, பாரம். சிமென்ட் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 10 செ.மீ. கூடுதலாக ஏற்றினாலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 240 கிலோ தேவையில்லாத பாரம். கல் நசுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. தெற்குப் பக்கத்து உத்திரம் நடுவில் விரிசல் விட்டதற்கு இதுவே காரணம் என்று ஸ்தபதியும் பொறியாளரும் ஒருமித்துச் சொன்னார்கள்.

ஆகவே முதல் வேலை ஏற்றுவதல்ல, இறக்குவது. சிமென்ட் அடுக்குகளைச் சிற்றுளியும் கைச்சுத்தியலும் கொண்டே உடைத்தோம். இயந்திர உடைப்பான் அதிர்வில் கூரைக் கல் விரிசல் விடும் என்பதால் அதை மேலே ஏற்றவில்லை. விரிசல் விட்ட உத்திரத்தை மாற்றாமல், இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை கொடுத்து, அடியில் ஒரு துணைக் கல்தூண் நிறுத்தியிருக்கிறோம். சாதாரண இரும்பு வைத்தால் அது துருவேறிப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். பழைய கோயில்களில் கம்பி வைத்து ஒட்டிய கல் திரும்பவும் அதே இடத்தில் உடைவது இதனால்தான்.

சுண்ணாம்பு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த குழு இதைத்தான் முதலில் தேடும்.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு நீற்ற வேண்டும். தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீற்றியதைச் சலித்து, வேகாத கல்லை நீக்கி, குழியில் தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது 15 நாள் கிடக்க விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நீறாத துகள் சுவரில் போன பிறகு ஈரம் பட்டு விரியும், பூச்சு அம்மை போட்டது போலப் பொரிந்து உதிரும். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு ஊறவைத்த தண்ணீர் தனியே தயாராகும். அது கலவையை இழுவையாக்கி, மெதுவாக இறுகவைக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால் சலித்துக் கழுவிய செயற்கை மணலைப் பயன்படுத்தினோம். லோடு வந்ததும் கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்துப் பார்த்தோம். மேலே படியும் வண்டல் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டிய லோடு எதுவும் இறக்கப்படவில்லை.

தளத்துக்கு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. பொதுப்பணித் துறையில் நெடுங்காலமாக இருக்கும் அளவுதான். ஜல்லி நன்றாகச் சுட்ட செங்கல்லிலிருந்து, சுமார் 20 மி.மீ. அளவில், கலக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்தது. காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பரப்பியதும் மரக் கட்டையால் அடிக்க ஆரம்பித்தால் ஏழு நாள் வரை அடி ஓயக் கூடாது. முதலில் பலமாக, பிறகு மெல்ல, இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளித்து. கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்பினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதோடு விடாமல் தளத்தில் ஒரு சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார் தலைமைக் கொத்தனார். குழித் தண்ணீர் கலங்காமலும் வற்றாமலும் நின்ற பிறகே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, ஏறியது. வடகிழக்கு மூலையில் தண்ணீர் வற்றியது. அந்தப் பகுதியை மட்டும் கொத்தி எடுத்து மறுபடி போட்டார்கள்.

அடித்து முடிந்த பருமன் 75 மி.மீ. அதன் மேல் இரண்டு வரிசைத் தட்டோடு, கீழ் வரிசை இணைப்பின் மேல் மேல் வரிசை ஓடு வரும்படி, செங்கல் தூள் சேர்த்த சுண்ணாம்புக் காரையில் பதித்தது. சமவெளியில் 60 அடிக்கு ஒரு அடி சாய்வு போதும். சாரல் ஊருக்கு அது போதாது என்று 40-க்கு ஒன்று கொடுத்தோம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சாய்வுப் பட்டை உண்டு. தண்ணீர் முதலில் புகும் இடம் அந்த மூலை. சிமென்டால் அடைக்கப்பட்டிருந்த பழைய கல் தூம்புகள் (மழைநீர் வெளியேறும் வாய்கள்) எல்லாம் திறக்கப்பட்டு, 40 சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்குக்குக் குறைந்த இடத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பச்சைச் சுண்ணாம்பை மழை கரைத்துவிடும் என்பதால் தை முதல் சித்திரை வரைதான் மேல்தள வேலை நடந்தது. சாரல் மாதங்களில் வேலை நின்றுவிட்டதாகப் பேச்சு எழுந்தது. நிற்கவில்லை, கீழே நடந்தது.

கீழே நடந்த வேலையில் பெரியது பிராகாரத் தரை. தளம் போட்டு, மேலே தளம் போட்டு, வெளித்தரை கோயில் அடித்தளத்தைவிட உயர்ந்திருந்தது. மழைத் தண்ணீர் அர்த்தமண்டபத்துக்குள் வந்தது அதனால்தான். சுமார் 45 செ.மீ. தோண்டி எடுத்ததும் அடித்தளத்தின் கீழ் அடுக்குகளான உபானமும் ஜகதியும் வெளியே வந்தன. அவற்றுக்கு மேலே உருண்டு திரண்ட அடுக்கான குமுதத்தின் கீழ்ப்பாதி இப்போதுதான் வெயிலைப் பார்க்கிறது. கருவறையின் மேற்குப் புறக் குமுதத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்றின் கடைசி வரிகள் மண்ணுக்குள் இருந்தன. பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழக்கில் இருந்த காலத்துக் கோயில் இது என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. கழுவுவதற்கு முன்பே தொல்லியல் வல்லுநர் மேற்பார்வையில் மைப்படி (எழுத்தின் மேல் தாள் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கப்பட்டது. கருங்கல் பாவிய தரையின் இணைப்புகளில் மணலும் சுண்ணாம்பும்தான் போட்டிருக்கிறோம். தண்ணீர் அங்கேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும். சிமென்ட் போட்டால் அது சுவரைத் தேடி வரும்.

தூண்களில் இருந்த எனாமல் பெயிண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மணல் வீச்சால் எடுத்தால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகும், எழுத்தும் சிற்பத்தின் நகமும் கண்ணிமையும் சேர்ந்து போய்விடும். அறநிலையத் துறை அதைத் தடை செய்திருப்பது மிகச் சரி. காகிதக் கூழும் களிமண்ணும் அப்பி ஊறவைத்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவியதால் நாள் பிடித்தது. விமானத்தின் சுதை உருவங்களில் (காரையால் செய்த சிற்பங்களில்) உடைந்த விரல், ஆயுதம் ஆகியவை சுண்ணாம்புக் காரையிலேயே செய்யப்பட்டன. விமானத்தில் வேர்விட்ட அரசங்கன்றுகளை வெட்டி மட்டும் விடவில்லை. அடுக்கைப் பிரித்து வேரோடு எடுத்தோம். எடுக்க முடியாத வேரில் துளையிட்டுக் களைக்கொல்லி செலுத்தி அடைத்தோம். வெட்டிவிட்டால் மட்டும் அரசமரம் சாகாது, இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

படித்துறை தனிக் கதை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவது கன்னடியன். 12,500 ஏக்கருக்குத் தண்ணீர் தரும் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னாலேயே போய் அது நடந்த வழியெல்லாம் வெட்டினார் என்பது நம் பக்கத்து வழக்கு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் தண்ணீர் ஓடும்போது படித்துறையில் கை வைக்க முடியாது. கால்வாய் அடைத்திருக்கும் சித்திரை, வைகாசிதான் நமக்குக் கிடைத்த காலம். படிகள் சரிந்ததற்குக் காரணம், கால்வாயை அடைக்கும்போது நீர்மட்டம் சட்டென இறங்குகிறது. படிக்குப் பின்னால் ஊறிய மண்ணில் இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லை முன்னே தள்ளுகிறது. படிக் கற்களுக்கு எண் எழுதிக் கழற்றி, கால்வாய்ப் படுகைக்கு 60 செ.மீ. கீழே கால்சுவர் எழுப்பி, பின்னால் சரளை நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை விட்டு, அதே வரிசையில் திரும்ப அடுக்கினோம். கால்சுவருக்கு மட்டும் சிமென்ட் கான்கிரீட்தான். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது. அந்தந்தப் பொருளுக்கு உரிய இடம் உண்டு என்பதே குழுவின் நிலை.

குடமுழுக்கை ஒட்டிய அட்டபந்தன மருந்தும் தண்ணீரைத் தடுக்கும் வேலைதான். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், செம்பஞ்சு, காவிக்கல், ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் மெழுகுபோல இளகும் வரை இடித்து, சூட்டோடு மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையே சாத்தினார்கள். அந்த இணைப்பு விட்டுப்போனால் அபிஷேக நீர் பீடத்துக்கு அடியில் இறங்கும். கலசங்களில் புது வரகு நிரப்பப்பட்டது. சித்திரை இடிக்குப் பெயர்போன ஊர் என்பதால் விமானத்திலிருந்து செம்புப் பட்டையில் இடிதாங்கி இறக்கி, நிலத்தடி மின்தடை 10 ஓமுக்குக் கீழே இருப்பதை அளந்து எழுதி வைத்திருக்கிறோம்.

பஞ்சலோகத் திருமேனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடம் வரை போய், 2019-இல்தான் திரும்பி வந்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பழைய புகைப்படம் இருந்தது பெருந்துணையாயிற்று. அதனால் நம் திருமேனிகள் ஒவ்வொன்றையும் முன், பின், பக்கவாட்டு, பீடத்தின் அடிப்பாகம், தேய்வு, கீறல் என அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உயரமும் எடையும் குறித்து, துறை அலுவலகத்தில் ஒரு படி கொடுத்துவிட்டோம். படங்களைக் கைபேசிகளில் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சாரல் காலம் முழுதும் உழவாரப் பணிக்கு வந்த அப்பளத் தொழில் பெண்கள், அறுப்பு வேலையை விட்டுவிட்டுக் கட்டை அடிக்க வந்த வயல்காரர்கள், வெளியூரிலிருந்து உபயம் அனுப்பிய குடும்பங்கள் அனைவருக்கும் குழுவின் நன்றி. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் ஏழு நாள் அடி ஓயாமல் நடந்தது உங்களால்தான்.

இனிக் கவனிக்க வேண்டியவை. வைகாசிக் கடைசியிலும் புரட்டாசிக் கடைசியிலும் மேல்தளம் ஏறி, தூம்புகளில் சருகும் புறா எச்சமும் எடுக்க வேண்டும். ஒரு தூம்பு அடைத்தால் தளம் முழுவதும் குளமாகும். முளைத்த கன்று இரண்டு இலைப் பருவத்திலேயே கையோடு பிடுங்கப்பட வேண்டும். தளத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி, பந்தல்கால், ஒலிபெருக்கிக் கம்பம் எதற்கும் துளை போடக் கூடாது. விழாப் பந்தல் ஒப்பந்தக்காரரிடம் இதை எழுதி வாங்க வேண்டும். விளக்கு எண்ணெயைத் தூணில் தடவாமல் இருக்க வேண்டும். எங்காவது ஓடு பெயர்ந்தாலோ பூச்சு விழுந்தாலோ கடைக்குப் போய் சிமென்ட் வாங்க வேண்டியதில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னால் இரண்டு பேரல்களில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, எத்தனை வருடமானாலும் கெடாது. மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து ஊற்றும் பொறுப்பு மெய்க்காவலரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கலவை அளவுகள் பேரல் மூடியிலும் அலுவலகப் பதிவேட்டிலும் எழுதியிருக்கின்றன.

திருப்பணிக் குழு