மருந்து தர ஏன் நேரமாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் எங்கள் மருந்துக் கடையைப் பற்றிச் சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு அட்டை மாத்திரைக்குக் கால் மணி நேரம் நிற்க வைக்கிறோமாம். ஆள் குறைந்ததை மறைக்கத்தான் ‘சரிபார்க்கிறோம்’ என்று சாக்குச் சொல்கிறோமாம். மருந்தாளுநர் ஒருவர் வேலையை விட்டுப் போனது உண்மை. மாலைக் கூட்டத்தில் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது, அதற்கு மன்னியுங்கள். ஆனால் சாக்கு என்பதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. இரண்டு மருந்தாளுநர்கள் இருந்தபோதும் இதே சரிபார்ப்புதான் நடந்தது. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் இது சாக்கு இல்லை என்று நீங்களே சொல்வீர்கள்.

மருந்து மாறுவதற்கு முதல் காரணம் பெயர். அசித்ரால் ஆன்டிபயாடிக்; அசுலிக்ஸ் சர்க்கரை மாத்திரை. கிறுக்கலான சீட்டிலும் இரைச்சலான போனிலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சர்க்கரை நோய் இல்லாதவர் அசுலிக்ஸ் விழுங்கினால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். போனில் பெயர் சொன்னால் போதாது, சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்பது இதனால்தான். பெயர் சரியாக இருந்தாலும் அதன் வாலில் வருகிற எழுத்தில் சிக்கல் வரும். பிரஷர் மாத்திரைகளான டெல்மா, டெல்மா எச், டெல்மா ஏஎம் மூன்றும் வேறு வேறு. கிளைகோமெட் ஜிபி 1 என்ற சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மின் 500 மி.கி.; ஜிபி 1 ஃபோர்ட் என்றால் 1000.

அடுத்தது கம்ப்யூட்டர். முதல் சில எழுத்துகளைத் தட்டினால் ஒரு பட்டியல் விழும். விரல் ஒரு வரி தள்ளிப் பட்டால் பில்லில் வேறு மருந்து ஏறும், பில்லைப் பார்த்து எடுக்கிற அட்டையும் அதே தப்பாக இருக்கும். இரண்டும் அச்சாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் எங்கள் மருந்தாளுநர் அட்டையைப் பில்லோடு ஒப்பிடுவதில்லை, டாக்டர் சீட்டோடு ஒப்பிடுகிறார். எடுப்பவர் ஒருவர், ஒப்பிடுபவர் இன்னொருவர். பெயர், மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள், எக்ஸ்பைரி என்று வரிசையாகப் பார்ப்பார். நடுவில் போன் வந்தால் எடுக்க மாட்டார், பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்ல மாட்டார். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். கவனம் சிதறினால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சில மருந்துகளுக்கு இன்னும் நேரமெடுப்போம். மெத்தோட்ரெக்ஸேட் அதில் முதன்மையானது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை அது. கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் எழுதுவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரிலும் ஃபோலிக் ஆசிட் ஃபோல்வைட் என்ற பெயரிலும் வரும், தொடக்கம் ஒன்றுதான். மாற்றிச் சாப்பிட்டாலோ, வாரத்துக்கு ஒன்றைத் தினமும் சாப்பிட்டாலோ வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். அதனால் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனிக் கவரில் போட்டு, ‘வாரம் ஒருநாள், ஞாயிறு மட்டும்’ என்று கிழமையோடு எழுதி, உங்கள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்கிறோம். பெரியவர்களைப் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைக்கிறோம் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள், இதை விட முடியாது.

குழந்தைக் காய்ச்சல் மருந்துக்கு எடை கேட்பதும் அப்படித்தான். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125, இன்னொரு வகையில் 250. பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மி.கி. என்று டாக்டர் எழுதினால் சொட்டு மருந்தில் 1.5 மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. சிரப்புக்கான 6 மி.லி.யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போய்விடும், நான்கு மடங்கு. பாட்டிலோடு வருகிற அளவு மூடியை, டிராப்பரைத் தூக்கி எறியாதீர்கள். வீட்டு ஸ்பூனில் அளக்க வேண்டாம்.

இன்சுலின் வாங்குபவர்கள் சிரிஞ்சைப் பாருங்கள். 1 மி.லி.யில் 40 யூனிட் இருக்கிற பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இருப்பதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். 100 பாட்டிலுக்குச் சிவப்பு சிரிஞ்ச் என்று தலைகீழாக மாறினால் 20 என்று நினைத்து 50 யூனிட் போட்டுக்கொள்வீர்கள்.

எழுதின கம்பெனி இல்லாதபோது வேறு கம்பெனி தராமல் அலைய விடுகிறோம் என்றும் அந்தச் செய்தியில் இருக்கிறது. சீட்டில் எழுதிய ஷெட்யூல் எச் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்குப் பதிலாக, உள்ளே அதே மருந்தே இருந்தாலும், நாங்களாக வேறொன்று தர 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் தரவில்லை. டாக்டரிடம் கேட்டு வரச் சொல்வதில் எங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை, விற்பனைதான் போகிறது. இன்னும் கண்டிப்பான ஷெட்யூல் எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பழைய மருந்துக் கவரை மட்டும் நீட்டினால் எதை எழுதுவது?

அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் எக்ஸ்பைரியும் இருக்கிற பக்கம் எங்களிடமே நின்றுவிடுவது உண்டு. கவர் மேல் எழுதித் தருகிறோம், அதைக் கிழித்துப் போடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் அட்டையைச் சீட்டோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். நிறமோ வடிவமோ போன மாதத்திலிருந்து மாறியிருந்தால் சாப்பிடுமுன் கேளுங்கள். கேட்பதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்தச் செய்திக்குக் கீழேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், வெயிலில் நின்றும் சீட்டை மடிக்காமல் கொண்டுவருகிற பெரியவர்களுக்கும், தலைமுறையாக இந்தக் கடையை நம்பி வருகிற குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. மாத மருந்து வாங்குபவர்கள் தீர்வதற்கு மூன்று நாள் முன்பே சீட்டைக் கொடுத்துவிட்டால் எடுத்து, சரிபார்த்துத் தயாராக வைத்திருப்போம்; நிற்கவே வேண்டாம். புது மருந்தாளுநர் சேரும் வரை கடை இரவு 9 மணிக்கு மூடும், ஞாயிறு டெலிவரி இருக்காது. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளுக்கு வரும்போது புதுச் சீட்டோடு பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள். டாக்டர் அளவை மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்