இடது ஒன்று, வலது ஒன்று

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கண்ணு,

நலம். உங்கம்மாவும் நலம்தான், முழங்கால் மட்டும் மழைக்கு ரெண்டு நாள் முன்னாலேயே வானிலை அறிக்கை வாசிக்கிறது. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் "எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"எல்லா சாமானும் இங்கேயே கிடைக்குதே, லிஸ்ட் குடுங்க, ஒரே பெட்டியா போட்டு அனுப்பறேன், எதுக்கு ரெண்டு வருஷமா ஊர் ஊரா அலையறீங்க" என்று கேட்டாய். நியாயம்தான். நான் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஹெரால்ட் கார் பிறந்ததே இங்கிலாந்தில் நீ இருக்கும் கோவென்ட்ரியில். 1959இல் அங்கே வெளிவந்தது, 1961இல் நம் வண்டலூர் தொழிற்சாலைக்கு வந்துவிட்டது. இங்கே ஸ்டாண்டர்ட் என்று பெயர், அங்கே டிரையம்ஃப். அங்கே 1971லேயே நிறுத்தியும் இன்னமும் அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இருப்பதால் உதிரி பாகம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் உன்னிடம் நான் கேட்கப்போவது நாலே சாமான்தான். ஏன் நாலு, ஏன் அந்த நாலு என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே இழுத்த அன்று பின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத் தகடு இருந்த இடத்தில் தரை தெரிந்தது. பாடியை டிங்கர் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல இருக்கறது பூரா பெயின்டுதானுங்க, இரும்பைக் காணோம்" என்றார். பயந்துவிட்டேன். ஆனால் இந்த வண்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிக்கு முழு பாடி அடித்துத் தந்துகொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக்காரன் வாங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் அங்கங்கே துண்டு துண்டாக அடித்து, சேஸிஸ் என்கிற தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டம் நமக்கு லாபம். கெட்டுப்போன துண்டைக் கழற்றலாம், செய்யலாம், மாட்டலாம். தரைத் தகடும், சேஸிஸில் பக்கவாட்டில் நீளும் கைகளும் நம்ம பீளமேட்டுப் பட்டறையிலேயே அட்டையில் அச்சு வெட்டி, தகடு மடித்து, வெல்டிங் அடித்து முடிந்துவிட்டது. அதையெல்லாம் கப்பலில் வரவழைப்பது, கொல்லையில் தென்னை இருக்க சந்தையில் தேங்காய் வாங்குகிற கதை.

இஞ்சின் ஜாம் ஆகியிருந்தது. பிளக் ஓட்டைகள் வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பதினோரு நாள் காலையும் மாலையும் பெரிய ஸ்பேனர் போட்டு லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் அரை விரல்கடை நகர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் போட்ட சத்தத்தில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். 948 சிசி, போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 63 மில்லிமீட்டர். சிலிண்டர் தேய்ந்து போயிருந்ததால் போர் அடித்துப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி சென்னைக்கு மூன்று முறை போனேன். புதுப்பேட்டையில் கிடைக்கவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு பழைய கடையில், பரண் மேல், எண்ணெய்க் காகிதம் பிரிக்காத ஒரு செட் இருந்தது. கடைக்காரப் பெரியவர் தூசி தட்டி எடுத்துவிட்டு விலை சொல்லவில்லை. வண்டியின் போட்டோவைக் காட்டச் சொன்னார். பார்த்த பிறகுதான் சொன்னார். பேரம் பேச எனக்கும் மனசு வரவில்லை.

இந்த ரெண்டு வருஷத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். பழைய ஸ்டாக்கில் இரும்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் கிடைத்தால் கண்ணைத் திறந்துகொண்டு ஓடிவிட வேண்டும். பிரேக் வாஷர் ஒரு செட், பெட்டியைக்கூடத் திறக்காத அசல் சரக்கு என்று பெருமையாக வாங்கி வந்தேன். மிதித்த ரெண்டாம் நாளே பிரேக் ஆயில் ஒழுகியது. நாற்பது வருஷம் பெட்டிக்குள் இருந்த ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழவியாகிவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே நானே லேத்தில் ஸ்லீவ் கடைந்து போட்டு, புது வாஷர் மாட்டினேன். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் கழித்து லேத் பிடிக்கிறேன், கை மறக்கவில்லை.

(இன்னொரு வேடிக்கை. நம்ம ஸ்டாண்டர்ட் கம்பெனி கடைசியாக 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று விட்டு, அதோடு படுத்துவிட்டது. அதற்கென்று செய்து விற்காமல் கிடந்த உதிரி பாகங்களை இங்கிலாந்துக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் இங்கே தேடுகிறார்கள், நான் அங்கே தேடுகிறேன்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1996 தைப்பூசம். உனக்கு ஏழு வயசு. மருதமலை அடிவாரத்தில் கூட்டத்துக்கு நடுவே வண்டியைத் திருப்பினேன். ஹெரால்டை 25 அடி வட்டத்துக்குள் திருப்பிவிடலாம், அதில் எனக்கு ஒரே பெருமை. மற்றவர்கள் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போது நான் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரே வீச்சில் திருப்புவேன், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். அன்றைக்கு அப்படித் திருப்பும்போதுதான் இடது முன் சக்கரம் மடங்கிப் படுத்தது. வேகம் இல்லை, அதனால் பிழைத்தோம். நீ பின் சீட்டிலிருந்து உருண்டு கீழே விழுந்து, விபூதிப் பொட்டலம் கொட்டிவிட்டது என்று அழுதாய். அம்மாவுக்கு டேஷ்போர்டில் இடித்து, புருவத்தில் மூன்று தையல்.

குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று அங்கே இருந்தது. அதில் சக்கரம் இறங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். என் அப்பா, உன் அப்பாருவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உடைந்த பாகத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா "ராசியில்லாத வண்டி, இனி இதுல கால் வெக்க மாட்டேன்" என்றாள். சக்கரத்தைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டதுதான். 27 வருஷம்.

உடைந்தது வெர்டிகல் லிங்க் என்கிற இரும்புத் தண்டு. சக்கரத்தைத் தாங்கி நிற்பது அது. அதன் அடி முனையில் மரை இருக்கும். அந்த மரை டிரனியன் என்கிற வெண்கலக் கட்டிக்குள் முடுக்கி உட்கார்ந்திருக்கும். நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு வெண்கலத்துக்குள் ஸ்குரூ மாதிரி ஏறி இறங்கும். இதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும், இ.பி.90 என்பார்கள். கிரீஸ் வைக்கவே கூடாது. வைத்தால் அது மரையின் ஆழம் வரை போகாமல் மேலேயே உறைந்து நின்றுவிடும், அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், துரு பிடித்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழும். அப்புறம் ஒருநாள், முழுக்க ஸ்டியரிங் ஒடிக்கிற நேரமாகப் பார்த்து, முறியும்.

அப்பாரு இதற்கென்றே ஒரு எண்ணெய் கன் தனியாக வைத்திருந்தார். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து அடிப்பார். வண்டி என் கைக்கு வந்ததும், எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும்போது இதற்கு மட்டும் என்ன தனி உபசாரம் என்று கிரீஸையே அடித்தேன். ஆறு வருஷம். நான் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறவன், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

போன ஆடியில் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஹெரால்ட் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கோழி அடைத்து வைத்திருந்தார்கள். கியர் பாக்ஸும் முன் சஸ்பென்ஷனும் மட்டும் பேசி வாங்கி வந்தேன். அந்த வண்டியின் வெர்டிகல் லிங்கைக் கழற்றினால், மரை முழுக்கக் கறுத்து, எண்ணெய்ப் பசையோடு, விரல் வைத்தால் வழுக்குகிறது. யாரோ ஒழுங்காக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அப்பாரு தன் டூல் பெட்டியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த நம் வண்டியின் முறிந்த துண்டையும் எடுத்து, ரெண்டையும் தினத்தந்தி விரித்து அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முறிந்த வாயில் முக்கால்வாசி பழுப்பு, பழைய துரு. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று மட்டும்தான் புது முறிவின் வெளிர் நிறம். அன்றைக்கு மருதமலையில் உடைந்தது அந்தக் கீற்று மட்டும். மீதி அதற்கு ரொம்ப நாள் முன்பே உடைந்திருந்தது. அப்பாருவுக்கு அது பார்த்த அன்றே தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் துணியில் சுற்றி வைத்திருக்க மாட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பள்ளத்தில் சக்கரம் இறங்கவே இல்லை கண்ணு. பள்ளம் நாலடி தள்ளி இருந்தது.

அதனால்தான் இந்த ஒரு இடத்தில் மட்டும் தோப்பு வண்டியின் சாமானைப் போட எனக்கு மனசில்லை. எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கும் அறுபது வயசு. உள்ளே என்ன கீறல் இருக்கிறதோ. நானே கடையலாமா என்றும் யோசித்தேன். வெண்கலக் கட்டியைக் கடையலாம், தண்டைக் கூடாது. அது அடித்துச் செய்த ஃபோர்ஜிங், பட்டறையில் பார்த்துக்கொள்கிற வேலை இல்லை. அங்கே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே முன் சஸ்பென்ஷன் குடும்பம்தான், லோட்டஸ் எலான்கூட இதை எடுத்துக்கொண்டது. அத்தனை பேர் கேட்பதால்தான் இது மட்டும் நல்ல தரத்தில் இன்னும் கிடைக்கிறது. வெர்டிகல் லிங்க் ரெண்டு, டிரனியன் ரெண்டு. அவ்வளவுதான். டிரம் பிரேக் வண்டி என்று கடையில் கட்டாயம் சொல். சேஸிஸ் நம்பர் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், அதையும் காட்டு.

ரெஜிஸ்ட்ரேஷன் பற்றிக் கேட்டிருந்தாய். 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யும் முறை 2021இல் வந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக்கூடாது. எனக்கு அது வேண்டாம். காய்கறி வாங்கப் போக வேண்டும் எனக்கு. சாதாரண வண்டியாகவே ஆர்.சி.யைப் புதுப்பிக்க எழுதிப்போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். ரெண்டு துண்டையும் தினத்தந்தியோடு தூக்கிக்கொண்டு போய் சமையல்கட்டில் வைத்துக் காட்டினேன். துருவையும் அந்தக் கீற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். புருவத்தைத் தடவிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன், இல்லை. "அப்ப வண்டிக்கு ராசி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்தான். காலையில் காபி கொடுக்கும்போது, "அந்த எண்ணெய்க்கு என்ன பேரு சொன்னீங்க" என்று கேட்டாள். சொன்னேன். காலண்டரில் ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறில் பென்சிலால் "எண்ணெய்" என்று எழுதி வைத்திருக்கிறாள், டிசம்பர் வரைக்கும்.

வண்டியில் ஏறுவாளா என்று நான் கேட்கவில்லை. நீ வந்த பிறகு நீயே கேள்.

சாமானைக் கைப்பையில் வைக்காதே, ஏர்போர்ட்டில் இரும்புத் தண்டைப் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வை. இடதும் வலதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் மரை இடப்பக்கம் சுற்றும், இன்னொன்று வலப்பக்கம். கடையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிய்த்துவிடாதே.

அன்புடன்,
அப்பா